கோழிகளுக்கு நோன்பு கிடையாது

பூண்டு உரிக்கும்போது நடுவில் இருக்கிற பச்சைக் குருத்தை எடுத்துவிட வேண்டும், தம்பி. நிறையப் பேர் அதைச் செய்வதில்லை. அப்புறம் கசக்கிறது என்று எண்ணெயின் மேல் பழி போடுவார்கள். எங்கள் கூரா மலைச்சரிவில் ஒருவர் வீட்டு ஆலிவ் எண்ணெயைக் குறை சொல்வதும் அவருடைய அப்பாவைக் குறை சொல்வதும் ஒன்றுதான்.

சாப்பிடுங்கள். அது பரங்கிக்காய் கிப்பே. உடைத்த கோதுமையோடு பரங்கிக்காயைப் பிசைந்து, உள்ளே கீரை வைத்துச் சுட்டது. பெருநோன்புக் காலத்தில் வேறு என்ன கொடுக்க முடியும்? பக்கத்தில் வெள்ளையாக இருப்பது தூம். பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு. தாராளமாகத் தொட்டுக்கொள்ளுங்கள். இந்த விதாத் வீட்டுக்குப் போனால் வெறும் வயிற்றோடு திரும்பாதே என்று ஆயர் சொல்லித்தானே அனுப்பியிருப்பார்.

நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அற்புதம் நடந்துவிட்டது என்று எங்கள் பாதிரியார் அபூனா நிகூலா ஆயருக்கு எழுதிப்போட்டார். நடந்தது உண்மைதானா என்று விசாரிக்க ஆயர் தம்முடைய ஷம்மாஸாகிய, திருத்தொண்டராகிய உங்களை அனுப்பியிருக்கிறார். காலையிலிருந்து வீடு வீடாகப் போய்க் கிழவிகளின் முழங்கால்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வயதில் உங்களுக்கு இப்படி ஒரு வேலை. பாவமாக இருக்கிறது எனக்கு.

எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்லியிருப்பார்கள். முன்பெல்லாம் குளிர்காலம் வந்தால் இந்த ஊரில் யாராவது ஒருத்தி விழுவாள், இடுப்போ மணிக்கட்டோ உடையும். இப்போது அவர்களே கைப்பிடிச் சுவரைத் தொடாமல் மலைமேல் மார் சிம்ஆன் கோயில் வரை படியேறுகிறார்கள். ஆயுள் முழுக்கத் தூணின் மேல் நின்றே தவம் செய்த புனிதர் அவர். காலைப் பற்றி அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்று கேட்கிறார்கள். அவருடைய விளக்கு எண்ணெயை முழங்காலில் தேய்த்துக்கொள்கிறார்கள். எங்கள் பெண்கள் சங்கத்து ஈவெத் வெள்ளியில் ஒரு கால் செய்து அவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். பார்த்தீர்களா? நல்ல கனமான கால்.

நீங்கள் பார்க்க வந்தது என் நாத்தனார் மாத்தில்த்தை. அவள் மாலை வழிபாட்டுக்கு மலைமேல் போயிருக்கிறாள். நடந்துதான் போனாள். அதுவும் நல்லதற்குத்தான். அவள் இங்கே இருந்தால் இதை நான் சொல்ல முடியாது.

பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள். கையெல்லாம் எண்ணெய்.

பெருநோன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாதாவின் புகழ்ப்பாட்டு முடிந்ததும் கோயில் கூடத்தில் ஊருக்கே சாப்பாடு. இறைச்சி, மீன், பால், முட்டை எதுவும் வாசலைக்கூட மிதிக்காது. பெண்கள் சங்கம்தான் சமையல். கொண்டைக்கடலையை மசித்துச் செய்கிற ஹம்முஸ் ஈவெத்தின் பொறுப்பு. தூம் என் பொறுப்பு. என் மாமியார் கையிலிருந்து என் கைக்கு வந்தது. மற்ற ஊர்களில் கடை எண்ணெயை ஊற்றுவார்கள், பூண்டு அதை லேசாகப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் சொந்த ஆலிவ் எண்ணெயைத் தவிர வேறு ஊற்ற மாட்டோம். ஆலிவ் எண்ணெய் பிடிவாதக்காரக் கழுதை. துளித்துளியாக விட்டுக் கை ஓய்கிற வரை இடித்தால் சேர்ந்த மாதிரி வரும். கடைசி நிமிஷத்தில் பிரிந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை பிரிந்தது. சாப்பாட்டு மேசையிலேயே, ஊர் பார்க்கப் பிரிந்தது. மேலே பச்சை எண்ணெய், அடியில் பூண்டு நொய். ஈவெத் கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள்.

"ஏன்டி விதாத், இது தொட்டுக்கவா, இல்ல விளக்குல ஊத்தவா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாத்தில்த்தும் சிரித்தாள். நானும் சிரித்தேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். பூண்டு உரிக்கும்போது மட்டும் எப்போதாவது ஞாபகம் வரும்.

அடுத்த வெள்ளியும் வந்தது. தம்பி, நீங்கள் பட்டணத்துப் பிள்ளை, கோழி வளர்த்திருக்க மாட்டீர்கள். கோழி மற்ற மாதமெல்லாம் யோசித்து யோசித்து முட்டையிடும். வசந்தம் வந்ததும், சரியாகப் பெருநோன்பு தொடங்கும்போது, கணக்கில்லாமல் இட ஆரம்பிக்கும். ஊரில் ஒருவரும் சாப்பிடக் கூடாது. உயிர்ப்புப் பெருநாளுக்கு வெங்காயத் தோலில் சாயம் போடவும், பிள்ளைகள் முட்டையோடு முட்டை மோதி விளையாடவும் எத்தனைதான் வேண்டும்? மீதி கூடை கூடையாகக் கிடக்கும். கோழிகளுக்கும் யாராவது நோன்பு சொல்லிக்கொடுத்திருந்தால் இன்றைக்கு நீங்கள் இங்கே வந்திருக்க வேண்டியதே இல்லை.

ஒரே ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. அவ்வளவுதான். யோசித்துப் பார்த்துத்தான் போட்டேன். முட்டை என்றால் என்ன? கோழி இன்னும் முடிவெடுக்காத விஷயம். அதில் வெள்ளைக்கரு என்பது உள்ளே இருப்பதைச் சுற்றி வைத்த பஞ்சு. பஞ்சைச் சாப்பிட்டால் நோன்பு முறிந்துவிடுமா?

அன்றைக்கு அந்தத் தூமை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மணப்பெண்ணின் முக்காடு மாதிரி வெள்ளை. கரண்டி நட்டால் நின்றது. ஈவெத் கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். அது அசையவே இல்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள். அந்த மௌனத்தில் ஒரு சுகம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். நிம்மதி இருந்தது.

இத்தோடு நின்றிருக்கும். ஆனால் என் அண்ணன் மகள் ஜுமானா விடுமுறைக்கு வந்தாள். பெய்ரூத்தில் உணவைப் பற்றியே படிக்கிற பெண். ஒரு வாய் வைத்தாள், கண்ணைச் சுருக்கினாள்.

"அத்தை, இதுல என்ன போட்டீங்க?"

"பொறுமை."

"பொறுமை இவ்ளோ கெட்டியா வராது அத்தை. இது முட்டை."

திட்டுவாள் என்று பார்த்தேன். சிரித்துவிட்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். முட்டையில் இருக்கிற புரதத்துக்கு ஒரு பக்கம் எண்ணெய் பிடிக்குமாம், இன்னொரு பக்கம் தண்ணீர் பிடிக்குமாம். ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சுற்றி நின்றுகொண்டு, ஒரு துளியை இன்னொரு துளியோடு சேரவிடாமல் காவல் காக்குமாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. சண்டை போட்டுக்கொண்ட இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் கல்யாண வீட்டில் அபூனாவின் மனைவி போய் உட்காருவாள் பாருங்கள், அதே வேலை.

அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் எண்ணெயில் வைட்டமினைக் கரைத்து, பொடிப்பொடித் துளியாக உடைத்து, புரதத்தால் போர்த்தி, சாப்பாட்டில் கலக்கிறார்களாம்.

"மாத்திரைய முழுங்க மாட்டேன்னு அடம் பிடிக்கறவங்களுக்குக்கூட உள்ள போயிடும் அத்தை. சாப்பாடுன்னு நெனச்சே சாப்பிடுவாங்க, ஒடம்பும் நல்லா எடுத்துக்கும்."

குற்றம் யாருடையது என்று பார்க்கப்போனால் முதலில் அவளுடையது. நான் அப்படிப் பார்க்கிறவள் இல்லை.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அவள் இன்னொன்றும் சொன்னாள்.

"முட்டையே வேணாம் அத்தை. கொண்டைக்கடலை வேகவெச்ச தண்ணி போதும். அதுலயும் புரதம் இருக்கு. நோன்புக்கும் ஆகும்."

யோசித்தேன். கொண்டைக்கடலை யாருடையது? சங்கத்துக் கடலை முழுக்க ஈவெத் வீட்டு அடுப்பில்தான் வேகிறது. நான் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஈவெத்தின் வாசலில் போய் நின்று, 'உன் கடலைத் தண்ணீர் கொஞ்சம் ஊற்று' என்று கேட்க வேண்டும். தம்பி, நீங்கள் படித்தவர். நீங்களே சொல்லுங்கள்.

என் வீட்டிலேயே வேகவைக்கலாமே என்று நினைக்கிறீர்கள். வைக்கலாம். வாசனை தெருமுனை வரை போகும். விதாத் ஹம்முஸ் செய்ய ஆரம்பித்துவிட்டாள் என்று ஊர் பேசும். ஊரில் சண்டை மூட்டி விடுவது என் பழக்கமில்லை.

அதை அடுத்து வந்த குளிர்காலத்தில் மாத்தில்த் கோழிக்கூண்டுப் பக்கம் வழுக்கி விழுந்தாள். திரிப்போலியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு ரஸ்க் மாதிரி இருக்கிறது, தொட்டால் உதிரும் என்றார். வைட்டமின் டி துளிகூட இல்லையாம். எப்படி இருக்கும்? அவள் அம்மா செத்ததற்குப் போட்ட கறுப்பு, என் கணவர், அதாவது அவள் தம்பி, போனதற்கும் நீண்டது. தலையிலிருந்து கால்வரை கறுப்பு, வீட்டுக்குள்ளேயே இருப்பு. வெயில் அவளை அடையாளம்கூடக் கண்டுபிடிக்காது. டாக்டர் மீன் எண்ணெய் எழுதிக்கொடுத்தார்.

"மீனா?" என்றாள்.

"மீன் எண்ணெய்ம்மா. தெனம் ஒரு கரண்டி."

"பெருநோன்பு வருது டாக்டர். என் எலும்பு ஒடஞ்சா ஒடையட்டும். நோன்பு ஒடையாது."

நோன்பு முடிந்ததும் கொடுத்தேன். "வெயில்தான் வந்துடுச்சே, இப்ப எதுக்கு?" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். இப்படிப்பட்டவளை என்ன செய்வது? என் கணவர் போன பிறகு இந்த வீட்டில் என்னைத் திட்டுவதற்கு அவள் ஒருத்திதான் மிச்சம். நான் போடுகிற காபியை, கழுவின தண்ணீர் என்பாள். மடக்கு மடக்காக முழுவதையும் குடிப்பாள். அவள் படுக்கையில் விழுந்துவிட்டால் என் காபியை யார் திட்டுவார்கள்?

அடுத்த நோன்பில் ஆலிவ் எண்ணெயோடு மீன் எண்ணெயும் சேர்ந்தது. வெள்ளைக்கரு இரண்டையும் பிடித்துக்கொண்டது. மணமா? பூண்டுக்கு முன்னால் மீன் வாய் திறக்காது. மாத்தில்த்துக்கு மட்டும் தனிக் கிண்ணம் வைத்தால் சந்தேகப்படுவாள். அதனால் எல்லாருக்கும் ஒரே அண்டாவில் செய்தேன். ஒருத்திக்கு நல்லது ஊருக்கும் நல்லதுதானே. மருந்துக்கடைக்காரன் மீன் எண்ணெய்ப் புட்டிகளைப் பையில் போடும்போது, "பேரப்புள்ளைங்க எப்படி இருக்காங்க, அம்மா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பான். நல்லா வளர்றாங்க என்பேன். எனக்குப் பேரப்பிள்ளைகள் கிடையாது. அபூனாவை நினைத்துக்கொண்டு சொல்வேன்.

அதற்கும் அடுத்த ஆண்டு, உடம்பை முறுக்கேற்றுகிற பையன்கள் வாங்குவார்களே, டப்பாவில் பால் புரதப் பொடி, அதையும் சேர்த்தேன். துளி இன்னும் பொடிசாகும், வைட்டமின் இன்னும் நன்றாகச் சேரும் என்று ஜுமானா ஏதோ பேச்சுவாக்கில் சொன்னது. ஆக, முட்டை, மீன், பால். இறைச்சி மட்டும் போடவில்லை. எதற்கும் ஓர் எல்லை வேண்டும்.

பலன் கிடைத்தது, தம்பி. மாத்தில்த் கைத்தடியைக் கோழி விரட்ட வைத்துக்கொண்டாள். நடக்கவே பயந்தவர்கள் படியேறினார்கள். அபூனா நிகூலா அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிக் குதித்ததை என் கண்ணால் பார்த்தேன். எல்லாருக்கும் நோன்பு முடிகிறபோதுதான் உடம்பு தெம்பாக இருந்தது. அதுவரை சரி. என்ன சாப்பிட்டோம் என்று ஒருத்தியாவது யோசித்தாளா? நேராக மலைமேல் போய் மார் சிம்ஆனுக்கு நன்றி சொன்னார்கள்.

புகழுக்கு ஆசைப்படுகிறவள் இல்லை நான். புனிதரோடு எனக்குப் போட்டியும் இல்லை. ஆனால் அவர் எத்தனை பூண்டு உரித்தார்? ஈவெத்தின் இடுப்பையும் நான்தான் சரிசெய்தேன். அவள் வெள்ளிக் காலைக் கொண்டுபோய் அங்கே மாட்டினாள். இங்கே வந்து ஒரு நாள், 'விதாத், இன்னும் கொஞ்சம் தூம் போடு' என்றுகூடக் கேட்டதில்லை. தானே எடுத்துப் போட்டுக்கொள்வாள்.

இதையும் நான் சொல்லாமலே இருந்திருப்பேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன ஞாயிறு மாத்தில்த் வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"வர்ற திங்கக்கெழமையிலேர்ந்து மலைமேல, கோயிலை ஒட்டின அறையில தங்கப் போறேன். நோன்பு முடியற வரைக்கும் ரொட்டியும் தண்ணியும்தான். நேர்ந்துக்கிட்டேன்."

"எதுக்குக்கா?"

"அவரு எனக்குக் கால் குடுத்தாருடி. பதிலுக்கு நான் வயித்தயாவது குடுக்க வேணாமா?"

"தூமாவது கொஞ்சம் குடுத்து விடறேனே."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை காலத்தில் பிடித்ததே இல்லை.

"அத மட்டும் குடுக்காத. ஒன் தூம்தான்டி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனாலதான் அத விடறேன்."

இத்தனை காலம் கழித்து ஒரு நல்ல வார்த்தை. அதுவும் இப்படி.

நீங்கள் அந்தப் படிகளைப் பார்த்தீர்கள். பாசி பிடித்த கல். ராத்திரியில் தண்ணீருக்குக் கீழே இறங்க வேண்டும். ரொட்டியும் தண்ணீருமாக, தனியாக, அந்த எலும்போடு. விழுந்தால் பார்க்க ஆள் இல்லை. ஊர்க்காரர்கள், புனிதர் பார்த்துக்கொள்வார் என்பார்கள். அவர் தூணைவிட்டு இறங்கி வந்து தூக்குவாரா?

அதனால்தான் சொல்கிறேன். உண்மையை ஊருக்குச் சொல்லிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது தேவையில்லாத வருத்தம். ஆயரிடமிருந்து ஒரு வரி போதும். மாத்தில்த் தன் வீட்டிலேயே இருந்து, கீழ்ப்படிதலின் பொருட்டு, தினமும் தூம் சாப்பிட வேண்டும் என்று. காரணம் எழுத வேண்டாம். ஆயர்கள் காரணம் சொல்லிக் கேட்டதில்லை நாங்கள்.

கோபப்படுவாரா? படமாட்டார். போன ஆண்டு வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்தாரே, அபூனாவின் தட்டிலிருந்ததையும் வழித்துச் சாப்பிட்டார். திரும்பும்போது ஒரு ஜாடியைக் காரில் தம் மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து வாரம் ஒரு ஜாடி அனுப்புகிறேன். இந்த ஆண்டு மணிக்கூண்டு வரை அவரே ஏறினாராமே. நீங்களும் அதே மேசையில்தானே சாப்பிடுகிறீர்கள், தம்பி? கீழே வந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தீர்கள். மூச்சு வாங்கவே இல்லை. சந்தோஷமாக இருந்தது எனக்கு.

ரொட்டியைக் கீழே வைத்துவிட்டீர்கள். முகம் வெளுத்திருக்கிறது. தூம் வேண்டாம் என்றால் விடுங்கள், கட்டாயமில்லை. கிப்பேயை மட்டுமாவது முடியுங்கள், மூன்று சாப்பிட்டுவிட்டீர்கள், நான்காவதை ஏன் பாதியில் விடுகிறீர்கள்?

என்ன கேட்கிறீர்கள்? வெள்ளைக்கரு தூமுக்குப் போனால் மஞ்சள்கரு எங்கே போயிற்று என்றா?

நீங்கள் கெட்டிக்காரர். இத்தனை காலத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. பரங்கிக்காய் எப்படியும் மஞ்சள்தானே, தம்பி. வீணாக்குவது பாவம்.

தண்ணீர் குடியுங்கள். மெதுவாக.

எழுதுகிறீர்களா? எழுதுங்கள். படித்துக் காட்டுங்கள். 'அற்புதம் என்று சொல்வதற்கு ஆதாரம் போதவில்லை.' நல்லது. சுருக்கமாக இருக்கிறது. 'மாத்தில்த் அம்மையார் மலைமேல் தங்க ஆயரின் அனுமதி இல்லை. வீட்டிலிருந்தபடி ஊரார் உண்பதையே உண்ணக் கடவர்.' உங்கள் கையெழுத்து அழகு. ஆயர் கையொப்பம் போடுவார், இல்லையா? அதே மேசையில் எதிரில் உட்கார்ந்து நீங்கள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போட்டுவிடுவார்.

இனிமேல் கொண்டைக்கடலைத் தண்ணீரில்தான் செய்ய வேண்டும், மீன் எண்ணெய்க்கு வேறு வழி பார்க்க வேண்டும் என்று நிபந்தனையா? செய்கிறேன். மனப்பூர்வமாகச் செய்கிறேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஈவெத் வீடு அதோ, நீல ஜன்னல். நீங்களே போய்ப் பாத்திரத்தை நீட்டி, விதாத்துக்காக என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நான் இங்கே காத்திருக்கிறேன். ஏன் உட்கார்ந்துவிட்டீர்கள்? காலையில் நீங்களும் அவளைச் சந்தித்தீர்கள் இல்லையா? புரிகிறது. அப்படியானால் இந்த நோன்பு இப்படியே போகட்டும்.

அதோ, வாசல் கதவு. மாத்தில்த் வந்துவிட்டாள். கைத்தடி இல்லாமல்தான். காதில் விழுகிறதா, கோழிகளைத் திட்டுகிறாள். அடுத்து என்னைத் திட்டுவாள். வாயைத் துடைத்துக்கொள்ளுங்கள், அவளுக்குக் கண் கூர்மை.

நானா? நான் ஏன் உங்களோடு சாப்பிடவில்லை என்றா கேட்கிறீர்கள்? என் தட்டைப் பாருங்கள். ரொட்டி, நாலு ஆலிவ், ஒரு வெங்காயம். இத்தனை ஆண்டில் அந்தத் தூமை நான் நுனி விரலால்கூடத் தொட்டு நக்கியதில்லை. என்ன தம்பி இப்படிக் கேட்டுவிட்டீர்கள். எனக்கு நோன்பு.